மணிக்கட்டின் கணக்கும் மார்பின் கணக்கும்

தில்லியின் லோதி தோட்டத்திலோ, பெங்களூரின் கப்பன் பூங்காவிலோ, சென்னை மெரீனாவிலோ காலையில் நடப்பவர்களைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். நிமிடத்துக்கு இரண்டு தடவை கையைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அவர்கள் தேடுவது மணியை அல்ல. இதயம் எத்தனை முறை துடிக்கிறது என்று கடிகாரம் சொல்லிக்கொண்டிருக்கிறது. 118 என்றால் நடை தொடர்கிறது. 165 என்றால் பக்கத்து பெஞ்சைத் தேடுகிறார்கள்.

இந்தப் பயத்தைக் கேலி செய்ய முடியாது. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபரில் காலமானபோது அவருக்கு வயது 46. நகைச்சுவை நடிகர் ராஜு ஸ்ரீவாஸ்தவ் 2022 ஆகஸ்டில் தில்லி ஜிம் ஒன்றில் உடற்பயிற்சியின்போது சரிந்து விழுந்தார். அடுத்த மாதம் இறந்தார். இப்படிப்பட்ட செய்திகளைப் படித்த பிறகு நாற்பதைத் தாண்டியவர்கள் தங்கள் மார்பைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது இயல்புதான். ஆனால் இவ்வளவு பயத்தையும் நம்பிக்கையையும் ஒரு சின்னத் திரையில் தெரியும் எண் மீது ஏற்றிவைப்பதற்கு முன், அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது நல்லது.

தமிழில் இதயத் துடிப்பு என்று ஒரு சொல் இருக்கிறது, நாடித் துடிப்பு என்று இன்னொன்று இருக்கிறது. அன்றாடப் பேச்சில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்கிறோம். கடிகார விளம்பரங்களும் அப்படியே. மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி இரட்டைச் சொற்களைக் கண்டால் கொஞ்சம் நின்று பார்க்கும் பழக்கம் உண்டு. நின்று பார்த்தால், இவை இரண்டும் வேறு வேறு சங்கதிகள் என்பது தெரிகிறது.

இதயத்தில் முதலில் எழுவது மின்சாரம். அந்தத் தூண்டுதலால் தசை சுருங்குகிறது, ரத்தம் தள்ளப்படுகிறது, அந்த அலை ரத்தக் குழாய் வழியே ஓடி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மணிக்கட்டை அடைகிறது. மின்சாரத்தைப் பதிவுசெய்வது இ.சி.ஜி. அதை உருவாக்கிய டச்சுக்காரர் வில்லெம் ஐந்தோவனுக்கு 1924ல் நோபல் பரிசு கிடைத்தது. ஓட்டக்காரர்கள் மார்பைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும் பட்டை இ.சி.ஜி.யின் தம்பி. அதில் இருக்கும் மின்முனைகள் மார்பின் தோலிலிருந்து அதே மின்சாரத்தைத்தான் பிடிக்கின்றன. ஃபின்லாந்தின் கெம்பெலே என்ற ஊரில் 1977ல் தொடங்கப்பட்ட போலார் கம்பெனி, 1982ல் கம்பி இல்லாமல் வேலை செய்யும் கருவியை விளையாட்டு வீரர்களுக்காகச் சந்தைக்குக் கொண்டுவந்தது.

கடிகாரத்துக்கு இதயத்தின் மின்சாரம் தெரியாது. (மறு கை விரலை வைத்து இ.சி.ஜி. எடுக்கும் சில மாடல்கள் உண்டு. ஆனால் அதற்கு அசையாமல் உட்கார வேண்டும்.) கடிகாரத்தைக் கழற்றி அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை விளக்குகள் மினுங்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். நாடி எழும்போது தோலுக்கடியில் ரத்தம் கூடுகிறது, திரும்பி வரும் வெளிச்சம் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கடிகாரம் எண்ணுகிறது. கொரோனா காலத்தில் பல வீடுகளுக்கு வந்து சேர்ந்த, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இதே குடும்பம்தான். அதில் பச்சைக்குப் பதில் சிவப்பும் அகச்சிவப்பும்.

நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருக்கும்போது இரண்டு கணக்கும் அநேகமாக ஒத்துப்போகும். தகராறு தொடங்குவது உடம்பு ஆடும்போது. கை வீசும்போது கடிகாரம் தோலில் நழுவுகிறது, இடுக்கு வழியே வெயில் புகுகிறது. தண்டால் எடுக்கும்போதும் எடை தூக்கும்போதும் மணிக்கட்டு மடங்கி, ரத்த ஓட்டமே மாறுகிறது. குளிர் காலையில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. ஓடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. நிமிடத்துக்கு 160, 170 அடி வைத்து ஓடினால் அந்த ஆட்டமும் ஒரு தாளம்தான். இரைச்சலுக்கு நடுவே நாடியைத் தேடும் மென்பொருள், காலடியைப் பிடித்துக்கொண்டு அதையே துடிப்பு என்று காட்டிவிடக்கூடும்.

அமெரிக்காவின் க்ளீவ்லேண்ட் க்ளினிக் டாக்டர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஆரோக்கியமான 50 பேரை டிரெட்மில்லில் ஏற்றி, இ.சி.ஜி., மார்புப் பட்டை, மணிக்கட்டுக் கருவிகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாட்டினார்கள். இ.சி.ஜி.யோடு முழுக்கப் பொருந்தினால் 1 மதிப்பெண். மார்புப் பட்டை 0.99 வாங்கியது. நான்கு மணிக்கட்டுக் கருவிகள் 0.83க்கும் 0.91க்கும் இடையில் நின்றன. பயிற்சி கடினமாக ஆக, அவற்றின் துல்லியம் குறைந்தது. 2017ல் அச்சான இந்த ஆய்வுக்குப் பிறகு கடிகாரங்கள் மேம்பட்டிருக்கின்றன என்பது உண்மை. ஆனாலும் ஒளியை வைத்து, ஆடுகிற கையில் நாடி தேடுவதில் உள்ள அடிப்படைச் சிரமம் அப்படியேதான் இருக்கிறது.

ஆரோக்கியமானவர்களுக்குப் பத்துத் துடிப்பு கூடக் குறையக் காட்டினால் குடி முழுகாது. விஷயம் இதய நோயாளிகளிடம் வரும்போதுதான் தீவிரமாகிறது. பைபாஸோ ஆஞ்சியோபிளாஸ்டியோ செய்துகொண்டவரிடம், “நடங்க, ஆனா இந்த எண்ணைத் தாண்டாதீங்க” என்று டாக்டர் ஒரு வரம்பைச் சொல்லி அனுப்புகிறார். வீட்டில் அதைக் கண்காணிப்பது கடிகாரம். அது குறைத்துக் காட்டினால், வரம்பைத் தாண்டியது தெரியாமலே அவர் வேகமாக நடப்பார். அதே க்ளீவ்லேண்ட் க்ளினிக்கில் இதய மறுவாழ்வுப் பயிற்சியில் இருந்த 80 நோயாளிகளை வைத்து இன்னொரு ஆய்வு நடந்து 2019ல் வெளியானது. மார்புப் பட்டைக்கு மறுபடியும் 0.99. மணிக்கட்டுக் கருவிகளில் எதுவும் 0.80ஐத் தாண்டவில்லை. துல்லியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம்தான் கருவி அதிகம் தடுமாறியது.

சீரற்ற இதயத் துடிப்பு உள்ளவர்களுக்கு நாடிக்கும் இதயத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறும் சொல் விவகாரம் அல்ல. ஒழுங்கு தவறி முந்திக்கொண்டு வரும் துடிப்பில் இதயம் நிறைவதற்கு நேரம் கிடைப்பதில்லை. தள்ளும் ரத்தமும் குறைவு. அந்த அலை மணிக்கட்டு வரை வருவதே இல்லை. இதயம் 110 முறை துடிக்க, நாடி 90 என்று சொல்லலாம். அதனால்தான் ஒரு நர்ஸ் ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தும் இன்னொரு நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தும் ஒரே நிமிடத்தில் தனித்தனியாக எண்ணும் வழக்கம் மருத்துவமனைகளில் உண்டு. இரண்டு எண்ணும் வேறுபட்டால் டாக்டருக்கு அதுவே ஒரு தகவல். கடிகாரம் அதில் பாதியைத்தான் தருகிறது.

நம் நாட்டில் எல்லோரும் கேட்கும் இன்னொரு கேள்வி: கறுத்த தோலில் இந்தப் பச்சை விளக்கு சரியாக வேலை செய்யுமா? தோலைக் கறுப்பாக்கும் மெலனினும் பச்சை ஒளியை உறிஞ்சும் என்பதால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. கறுத்த தோலில் பிழை அதிகம் என்றது ஸ்டான்ஃபோர்டின் 2017 ஆய்வு. வித்தியாசம் குறிப்பிடத்தக்கதாக இல்லை, அசைவுதான் பெரிய எதிரி என்றது டியூக் பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வு. அசையும்போது பிழை சராசரியாக 30 சதவீதம் கூடியதாம். தீர்ப்பு இன்னும் வரவில்லை. எரித்த கலோரியைப் பற்றி மட்டும் ஸ்டான்ஃபோர்டுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. சோதித்த ஏழு கருவிகளில் சிறந்ததுகூடச் சராசரியாக 27 சதவீதம் தவறியது. கடிகாரம் 300 கலோரி என்றதை நம்பி இன்னொரு வடையை எடுப்பதற்கு முன் இது நினைவிருக்கட்டும்.

எண் சரியாகவே இருந்தாலும், அதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் பிரச்சினைதான். 220லிருந்து வயதைக் கழித்தால் உங்கள் இதயத்தின் உச்ச வேகம் என்பது பிரபலமான சூத்திரம். 50 வயதுக்கு 170. இது ஒரு குத்துமதிப்பான சராசரி. தனி மனிதர்களிடம் பத்துப் பதினைந்து துடிப்பு ஏறியும் இறங்கியும் இருப்பது சாதாரணம். ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சூத்திரம் பொருந்தவே பொருந்தாது. அந்த மாத்திரையின் வேலையே துடிப்பைக் குறைப்பதுதான்.

அதற்காகக் கடிகாரத்தை அலமாரியில் வைத்துப் பூட்ட வேண்டாம். தூங்கி எழுந்ததும் உள்ள துடிப்பு வாரக் கணக்கில் எப்படிப் போகிறது என்று பார்க்கவும், சீரான நடைக்கும் அது போதும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, நழுவாமல், ஆனால் ரத்த ஓட்டம் தடைபடாமல் கட்டுங்கள். வேகத்தை ஏற்றி இறக்கி ஓடுபவர்களும், எடை தூக்குபவர்களும், டாக்டர் வரம்பு விதித்திருப்பவர்களும் மார்புப் பட்டைக்குச் செலவழிப்பது வீண் அல்ல. பட்டையிலும் குறை உண்டு. மின்முனைகள் காய்ந்திருந்தால் முதல் சில நிமிடம் உளறும். தண்ணீரில் நனைத்துக் கட்ட வேண்டும். தளர்ந்தாலும் தவறும்.

1707ல் ஜான் ஃப்ளாயர் என்ற ஆங்கிலேய டாக்டர், நாடி பார்ப்பதற்கென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைச் செய்யச் சொல்லி, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அந்தக் கடிகாரம் நேரத்தை மட்டும் சொன்னது. எண்ணியது அவர் விரல். அந்த முறை இன்றும் செல்லும். திரையில் நம்ப முடியாத எண் தெரிந்தால் நின்று, கட்டை விரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். துடிப்பு ஒழுங்காக வருகிறதா, தாறுமாறாக வருகிறதா என்பதும் விரலுக்கே தெரிந்துவிடும். தாறுமாறாக இருந்தால் எண் எதுவானாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மார்பில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மயக்கம் - இவற்றில் எது வந்தாலும் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். அது 96 என்று காட்டிக்கொண்டிருக்கலாம். உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.