"கிழவனுக்கு எதற்கு ஆபரேஷன்?"

"வயதாகிவிட்டது, சர்க்கரையும் இருக்கிறது, இனி எதற்கு ஆபரேஷன்?" பித்தநாளத்தில் புற்றுநோய் கண்ட முதிய தொழிலாளியின் வீட்டில் கேட்கும் பேச்சு இது. உறவினர் சொல்கிறார்கள், சில ஆஸ்பத்திரிகளிலும் சொல்கிறார்கள். கடைசியில், பிள்ளைகளைக் கடனாளியாக்கக் கூடாதென்று நோயாளியே சொல்லிவிடுகிறார். இது நியாயந்தானா?

ஈரலில் ஊறும் பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாயே பித்தநாளம். அதில் கட்டி வளர்ந்தால் வழி அடைபடுகிறது. கண் மஞ்சளாகிறது, சிறுநீர் கறுக்கிறது, மலம் வெளுக்கிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது. வெறும் காமாலை என்றெண்ணிக் கீழாநெல்லி அரைத்துக் குடித்தே நாட்களைக் கழித்துவிடுகிறோம். கட்டியோ காத்திருப்பதில்லை.

இந்த நோய் உழைப்பாளிகளை நன்றாக அறியும். உலகிலேயே இது மிக அதிகமாகக் காணப்படுவது வடகிழக்குத் தாய்லாந்தின் நெல் விவசாயிகளிடையேதான். ஆற்றிலும் குளத்திலும் பிடித்த மீனைப் பச்சையாக உண்ணும் வழக்கத்தால் ஒருவகை ஈரல்புழு அவர்கள் பித்தநாளத்தில் குடியேறுகிறது. அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1994-ல் அறிவித்தது. ஜப்பானில் ஒஸாகா நகர அச்சகத் தொழிலாளர்களுக்கு, மை துடைக்கும் ரசாயனத்தின் ஆவியால் இதே நோய் வந்தது. 2013-ல் ஜப்பான் சர்க்கார் அதைத் தொழில்நோய் என ஒப்புக்கொண்டது. அச்சகத்தார் பலர் இளவயதினர். தாய்லாந்து விவசாயிக்கோ, இளமையில் புகுந்த புழு முதுமையில் நோயாகிறது. ஆகவே வயதானவருக்கு என்ன வைத்தியம் என்பதே அங்கு தலையாய கேள்வி.

கட்டியை முழுமையாக அகற்றுவதே இந்நோய் தீர வழி. ஈரல் பக்கம் இருந்தால் ஈரலின் பெரும் பகுதியையும், குடல் பக்கம் இருந்தால் கணையத்தின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலையும் சேர்த்து எடுக்கவேண்டும். மிகப் பெரிய ஆபரேஷன். தேர்ந்த டாக்டர்களிடத்திலும் உயிர்ச்சேதம் உண்டு. முதியவர்களுக்கு ஆபத்து கூடுதல். இதை நாம் மறைக்கவில்லை.

ஆனால் பிறந்த வருஷத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது வைத்தியமாகாது. இருதயம், நுரையீரல், சிறுநீரகம் எப்படி இருக்கின்றன? நோயாளி தானாக நடமாடுகிறாரா? வெட்டியபின் மிஞ்சும் ஈரல் போதுமா? இவைதான் அளவுகோல்கள். ஈரல் சுருங்கிப்போன 55 வயதுக்காரர் தாங்கமாட்டார்; திடமான 75 வயதுக்காரர் தாங்கக்கூடும். அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதியவர்கள் பிழைத்து வீடு திரும்புகிறார்கள்.

நலிந்த உடலையும் ஓரளவு தயார் செய்யலாம். அடைபட்ட குழாயில் சிறு குழல் வைத்துப் பித்தநீரை வடித்துக் காமாலையைக் குறைக்கலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரலாம். சத்துணவும் மூச்சுப் பயிற்சியும் கொடுக்கலாம். அகற்றவேண்டிய பக்கத்து ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயை அடைத்தால், சில வாரங்களில் மறுபக்கம் வளர்கிறது.

இத்தனைக்குப் பிறகும் தாங்காது என்றாலோ, நோய் பரவிவிட்டது என்றாலோ, கத்தி வைப்பது தவறு. அப்போதும் குழல் வைத்து அரிப்பையும் காமாலையையும் தணிக்கலாம். வலிக்கு மருந்து தரலாம். அதுவும் வைத்தியமே. லாபநஷ்டங்களை விளங்கச் சொன்னபின், முடிவு நோயாளியுடையதாக இருக்கவேண்டும். அவருடைய வறுமையினுடையதாக இருக்கக்கூடாது.

செய்ய மனமிருந்தால் வழி உண்டு. தாய்லாந்தில் 2002 முதல் ஏழைகளுக்கும் சர்க்கார் செலவில் வைத்தியம் கிடைக்கிறது. 2013-ல் கோன் கேன் சர்வகலாசாலையார் தொடங்கிய திட்டத்தில், கிராமத்து விவசாயிகளுக்கு ஸ்கேன் பரிசோதனை செய்து நோயை முன்னதாகவே தேடுகிறார்கள்.

நாம் கோருவது இதுதான்: காமாலையோடு வரும் முதியவருக்கு உடனே ஸ்கேன் எடுக்கவேண்டும். இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்து தேர்ந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். பரிசோதிக்காமல், வயதைச் சொல்லித் திருப்பி அனுப்பக்கூடாது.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பெரியவரின் கண் மஞ்சளானால் காத்திராதீர்கள். அறுபதிலும் எழுபதிலும் வயலில் இறக்கி வேலை வாங்கியபோது யாரும் வயதைக் கேட்கவில்லை. வைத்தியம் கேட்கும்போது மட்டும் வயதைக் கேட்பதா?