மிதித்தால் பஞ்சாக இறங்கும் பிரேக்! ஆபத்து எங்கே இருக்கிறது?

காரின் பிரேக்கை மிதிக்கிறோம். கால் வைத்ததும் கல் போல் நிற்க வேண்டிய மிதி, பஞ்சு மூட்டை போல் "மெத்" என்று உள்ளே போகிறது. கார் நிற்கத்தான் நிற்கிறது. ஆனால் நாலு முழம் தள்ளி நிற்கிறது.

"நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அமெரிக்காவில் ஒரு பெரிய கம்பெனியால் அப்படி விட முடியவில்லை. 2023-ம் ஆண்டு மார்ச் மாதம், போர்டு கம்பெனி சுமார் 12 லட்சத்து 80 ஆயிரம் கார்களைப் பழுது பார்ப்பதற்காகத் திரும்ப அழைத்தது. பியூஷன், லிங்கன் எம்.கே.இசட். என்ற கார்கள். 2013 முதல் 2018 வரையிலான மாடல்கள்.

என்ன பழுது? முன் சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் குழாய்! அது சீக்கிரமே வெடித்து, ஆயில் ஒழுகலாம் என்று தெரிந்தது. ஒழுகினால் மிதி ஆழமாக இறங்கும். கார் நிற்கக் கூடுதல் தூரம் பிடிக்கும். புதிய குழாயை இலவசமாக மாற்றிக் கொடுப்பது என்று முடிவாயிற்று.

காற்று செய்யும் வேலை

நாம் மிதிக்கும் இடத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது ஆயில்தான். மிதித்ததும் "மாஸ்டர் சிலிண்டர்" ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் குழாய் வழியாக ஓடிச் சக்கரத்தில் உள்ள பிரேக் கட்டையை அழுத்துகிறது.

ஆயில் அமுங்காது. அதனால்தான் காலின் பலம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது.

காற்று அப்படி அல்ல. அது அமுங்கும். சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், தெரியும். குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்துவிட்டால், நாம் மிதிக்கும் மிதியெல்லாம் குமிழியை அமுக்கவே செலவாகிவிடும்.

காற்று எப்படிப் புகுகிறது? ஒழுகல் இருந்தால் புகும். டப்பாவில் ஆயில் வற்றினால் புகும். வேலை தெரியாத ஆள் குழாயைக் கழற்றி மாட்டினாலும் புகும்.

இன்னொரு வழி உண்டு. அதைப் பலர் அறிவதில்லை. பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். "டாட் 3" என்ற ரகப் புது ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரையிலாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரி! "டாட் 4" ரகத்துக்கு இது 230, 155.

உதகையிலிருந்து கல்லட்டி வழியாக இறங்குகிறீர்கள். 36 கொண்டை ஊசி வளைவு. பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் இறங்கினால் சக்கரம் காய்கிறது, ஆயில் கொதிக்கிறது, ஆவி உண்டாகிறது. ஆவியும் காற்றைப் போல் அமுங்கும். மிதி பாதாளத்துக்குப் போகும்!

இதில் ஒரு மோசம் இருக்கிறது. அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் சூடு ஆறி, மிதி பழையபடி கெட்டியாகிவிடும். "சரியாகிவிட்டதே!" என்று மறுபடி கிளம்பிவிடுவார்கள். கெட்டுப்போன ஆயில் அப்படியேதான் இருக்கும். மலையில் இறங்கும்போது முதல் கியர், இரண்டாம் கியர் என்று குறைத்து, என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி ஓட்ட வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கலாம்

காரை நிறுத்தி, என்ஜினை ஓடவிடுங்கள். மிதியை நாலைந்து தடவை அழுத்துங்கள். அழுத்த அழுத்த மேலே வந்து கெட்டியானால், உள்ளே காற்று இருக்கலாம். அல்லது பின் சக்கரத்து டிரம் பிரேக் தளர்ந்திருக்கலாம்.

பிறகு அழுத்தியபடியே அரை நிமிஷம் வைத்திருங்கள். மிதி மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறதா? எங்கோ ஒழுகுகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது. அந்தக் காரை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

மிதியில் கால் இருக்கும்போது என்ஜினைப் போட்டால் மிதி கொஞ்சம் இறங்கும். அது கோளாறு அல்ல.

பட்டறையில் "ஏர் எடுப்பது" என்பார்கள். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தில் உள்ள திருகைத் திறக்கிறார். ஆயிலும் குமிழியும் வெளியே வரும். திருகை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். முன்னே எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போகும். டப்பா வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளியே வந்த ஆயிலை மறுபடி ஊற்றக்கூடாது. என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டுவிடும். ஏ.பி.எஸ். உள்ள சில கார்களில் இதற்குக் கம்ப்யூட்டர் கருவியும் தேவை.

ஒழுகலை அடைக்காமல் ஏர் மட்டும் எடுத்தால், அடுத்த வாரமே பழைய கதைதான்.

நம் நாட்டுச் சட்டம்

பழுதான கார்களைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிகளுக்கு உத்தரவு போட, 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தன.

ஆனால் அதில் ஒரு வரம்பு. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான் இந்தக் கட்டாயம்!

போர்டு திரும்ப அழைத்த கார்களில் பழையவற்றுக்கு அப்போது சுமார் பத்து வயது. ரப்பர் பெரும்பாலும் வயதானபின்தான் வெடிக்கும். வெடிக்கும் வயது வரும்போது சட்டம் விலகிக்கொள்கிறது. இந்த வரம்பை நீட்டுவதே நியாயம்.

சோதனையும் அப்படித்தான். வாடகைக் கார் முதல் எட்டு ஆண்டுகள் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று வாங்க வேண்டும். சொந்தக் காருக்கோ 15 ஆண்டுகள் வரை சோதனை இல்லை.

நடுத்தரக் குடும்பங்கள் வாங்கும் பழைய கார்களில் பல இந்த ஏழுக்கும் பதினைந்துக்கும் நடுவில்தான் இருக்கின்றன. வாங்கப் போகிறவர்கள் பெயின்டைத் தடவிப் பார்ப்பதோடு, அந்த அரை நிமிஷச் சோதனையையும் செய்து பாருங்கள். நாலு சக்கரத்தின் உட்புறத்திலும் ஈரம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பிரேக் ஆயில் கடைசியாக மாற்றிய ரசீதைக் கேளுங்கள். பெரும்பாலான கார்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ரசீது இல்லை என்றால், ஆயிலும் குழாய்களும் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டே விலை பேசலாம்.