நோயாளியின் அறையில் நறுமண மெழுகுவத்தி

நோயுற்றோரைக் காண வருவோர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவருவது வழக்கம். அண்மைக்காலமாகக் கண்ணாடிக் குவளையில் வார்த்த நறுமண மெழுகுவத்தியும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. சிலவற்றின் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. இதன் தரத்தை எப்படி மதிப்பிடுவது என்று கேட்போருக்கு நான் சொல்வது ஒன்றே: முகர்ந்து பார்ப்பதற்கு முன் திரியைப் பாருங்கள்.

இது நமக்குப் புதிய அளவுகோல் அன்று. பூதி விக்கிரமகேசரி எழுப்பிய மூவர் கோயில் நிற்கும் இக்கொடும்பாளூர் வட்டாரத்தாருக்குக் கல்வெட்டு அயலான பொருளும் அன்று. (மூன்று விமானங்களுள் இன்று இரண்டே முழுமையாக எஞ்சியுள்ளன.) சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் நந்தாவிளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகளும், அவற்றின் பயனாக நாள்தோறும் ஓர் உழக்கு நெய்யும் என்று கணக்கு வைத்துள்ளனர். எரிவது எது, எவ்வளவு என்பதைக் கல்லிலேயே பொறித்தனர். இன்றைய குவளையின் அட்டையிலோ நறுமணத்தின் பெயர் பெரிதாக இருக்கிறது; மெழுகு என்னவென்பது பல வேளைகளில் எழுதப்படுவதே இல்லை.

மைக்கேல் ஃபாரடே 1860-61 குளிர்காலத்தில் லண்டனில் சிறுவர்களுக்கு ஆற்றிய மெழுகுவத்திச் சொற்பொழிவுகளில் விளக்கியபடி, சுடருக்கு ஒளி தருபவை அதனுள் தகதகக்கும் நுண்ணிய கரித்துகள்கள். அவை முற்றிலும் எரிந்துவிட்டால் புகையில்லை. எரியாமல் தப்பினால் கரி படிகிறது. ஆகவே குவளையின் உள்விளிம்பு கறுத்தால் எரிதல் சரியில்லை என்று பொருள். பாரஃபினா, சோயாவா, தேன்மெழுகா என்ற வாதத்துக்கு விளம்பரங்கள் தரும் முக்கியத்துவத்தை நான் தருவதில்லை. திரி மிகத் தடித்திருந்தாலோ நீண்டிருந்தாலோ எந்த மெழுகும் புகையும். ஏற்றும் ஒவ்வொரு முறையும் திரியை ஏறத்தாழ 6 மி.மீ. அளவுக்குக் கத்தரிக்க வேண்டும். சுடர் ஆடாமல் நிற்க வேண்டும்; மெழுகு நடுவில் குழிந்து இறங்காமல் விளிம்புவரை சீராக உருக வேண்டும். திரியினுள் உலோகக் கம்பி தென்பட்டால் அதை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல்நிறக் கோடு விழுந்தால் ஈயமாக இருக்கலாம். ஈயத்திரிகளை அமெரிக்கா 2003இல் தடைசெய்தது.

மணத்தைப் பொறுத்தவரை, 'இயற்கை மல்லிகை' என்ற சொல்லை எளிதில் நம்ப வேண்டாம். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பூவின் வாசனைச் சாற்றை ஒரு கிலோ எடுக்கப் பல நூறு கிலோ பூ வேண்டும். ஒரு குவளை மெழுகில் அது மிகுதியாக இருக்க வழியில்லை. பெரும்பாலும் செயற்கை மணமே. அதை நான் குறையாகக் கொள்வதில்லை. எலுமிச்சை, லாவெண்டர் போன்றவற்றின் இயற்கை எண்ணெயும் சிலருக்கு ஒவ்வாமை தரவல்லது.

தரமான மெழுகுவத்தியும் நோயாளியின் அறைக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. ஆக்ஸிஜன் உருளையோ செறிவூட்டியோ இயங்கும் அறையில் எந்தச் சுடரும் கூடாது. ஊதுவத்திக்கும் கற்பூரத்துக்கும் விலக்கில்லை. ஆஸ்துமா உள்ளோருக்கு மணமே இழுப்பைத் தூண்டலாம். கீமோதெரபி பெறுவோருக்கு நேற்றுவரை பிடித்த வாசனை இன்று குமட்டலாம்.

பலரும் எண்ணாத ஒன்று உண்டு. அறையின் துர்நாற்றத்தை மறைக்கவே சில வீடுகளில் மெழுகுவத்தி ஏற்றப்படுகிறது. விருந்தினர் வரும்போது கூச்சம் ஏற்படுவது இயல்பே. ஆயினும் நீரிழிவுப் புண்ணின் நாற்றம் திடீரென மாறுவது கிருமித்தொற்றின் அறிகுறியாகலாம். அதை முதலில் உணரும் மூக்கு மருத்துவருடையதன்று, கட்டு மாற்றும் மகளுடையது. அருகில் உறங்கும் மனைவியுடையது. சந்தன மணம் அறையை நிறைத்திருந்தால் அந்த அறிகுறி தாமதமாகத் தெரியலாம். அத்தகைய நாற்றத்தை உணர்ந்தால் மணமூட்டி மறைக்காமல் அன்றே மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். அறைக்குச் சன்னலைத் திறப்பதும், விரிப்பை மாற்றுவதும், கழற்றிய கட்டுத்துணியை உடனே அப்புறப்படுத்துவதும் போதும்.

பரிசாக வந்த குவளையை என்ன செய்வது? ஏற்றாமலே மூடியைத் திறந்து, சற்றுத் தள்ளிப் பிடித்து, நோயாளியிடம் கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் கூடத்து அலமாரியில் வைத்துவிடலாம். மணம் சில மாதங்கள் கெடாது.