அறுவடைக்கு முன் இருட்டு எதற்கு?

2018ஆம் ஆண்டு அக்டோபரில் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடா தேசத்தில் அச்செடியைப் பயிரிடுவோருள், அறுவடைக்கு முன் இரண்டு மூன்று தினங்கள் அதனைக் காரிருளில் நிறுத்தினால் பூவில் பிசின் பெருகி வீரியம் விருத்தியாகும் என்று நம்பி, அவ்வழக்கத்தைச் சிரத்தையுடன் அனுஷ்டிப்போர் உண்டு. இதற்குத் தக்க பிரமாணம் இல்லையென்பதே என் திடமான அபிப்பிராயம். டிஎச்சி என்னும் போதை வஸ்து ஒளியாலும் காற்றாலும் நாளடைவில் சிதைவது மெய்யே. ஆயினும் அது பறித்து உலர்த்திய பூவைப் பாதுகாக்கும் முறைக்குப் பொருந்துமேயன்றி, பிசினைப் புதிதாகச் சுரந்துகொண்டிருக்கும் உயிர்ச்செடிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. அப்பிசினுக்கு ஆதாரமான சர்க்கரையைச் செடி ஒளியைக் கொண்டே ஆக்கிக்கொள்கிறது. இருளிலோ சுவாசம் மட்டும் நடந்து, சேமித்த மாச்சத்துச் செலவாகிறது. 1987இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, புற ஊதாக் கதிர் மிகுதியாகப் பட்ட போதை ரகச் செடிகளில் டிஎச்சி கூடியதாகவே காட்டிற்று. பூப்பதற்கு நீண்ட இரவுகள் வேண்டுமென்ற இச்செடியின் சுபாவத்திலிருந்தே இந்த மயக்கம் பிறந்திருக்கக்கூடும்.

விளக்கணைந்த அறையில் ஈரம் தேங்கினால் அடர்ந்த பூக்களுக்குள் சாம்பல் பூஞ்சணம் புகும் என்பதும், அந்தப் பூவையே நோயாளிகள் மருந்தாகக் கொள்கிறார்கள் என்பதும் என்னை மிகவும் வருத்துகின்றன. விற்பனைக்குமுன் தம் சரக்கைப் பரிசோதிக்கக் கடமைப்பட்ட அந்நாட்டு உரிமம் பெற்ற உற்பத்தியாளர்கள், ஒரே பயிரில் பாதியை ஒளியிலும் பாதியை இருளிலும் வைத்து அளந்து, முடிவைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும்.