எட்டு வாரம் காத்திருக்க வேண்டாம்

பிரிட்டனில் வாடகைக்கு இருக்கும் ஒருவர் ஹவுசிங் பெனிஃபிட் என்ற வாடகை உதவித்தொகை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். 5 வாரம் ஆகியும் பணம் வரவில்லை. அதை வழங்கும் உள்ளாட்சிக் கவுன்சிலுக்கு வீட்டுக்காரர் போன் செய்கிறார். அரை மணி நேரம் காத்திருந்த பிறகு கிடைக்கும் பதில்: "அவருடைய சம்மதம் எங்கள் கோப்பில் இல்லை. எதுவும் சொல்ல இயலாது." விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்பதைக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஆறாவது வாரத்தில் வீட்டுக்காரருக்குச் சந்தேகம் வருகிறது, ஏழாவது வாரத்தில் கோபம் வருகிறது, எட்டாவது வாரத்தில் வக்கீல் வருகிறார். குடியிருப்பவர் இணைக்க மறந்த ஒரு வங்கிக் கணக்கு அறிக்கைதான் இத்தனைக்கும் காரணமாக இருக்கலாம்.

இப்படிப்பட்ட வழக்குகளில் பலவற்றை ஒரு கையெழுத்து தடுத்துவிடும். குடிவரும் நாளிலேயே, கவுன்சில் வீட்டுக்காரரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று வரையறுத்த ஒப்புதல் கடிதம் எழுதிக்கொள்வதை வழக்கமாக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த கடிதத்தைக் கவுன்சில்கள் மதிக்கவும் வேண்டும். இதுவே நம் நிலைப்பாடு.

கவுன்சில் ஊழியர் வாய் திறக்காததை அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் பற்றிய 1992 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 123 ஆவது பிரிவின்படி, உதவித்தொகை பெறுவோரின் தகவலை அதிகாரமின்றி வெளியிடும் ஊழியர் குற்றவாளி ஆவார். அதற்கு மேல் 2018 ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. அந்தக் கோப்பில் என்னென்ன இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் இந்தக் கண்டிப்பின் நியாயம் புரியும். சம்பளம், சேமிப்பு, நோய், குடிவரவு நிலை, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் விட்டுப் போனார்கள் என்று ஒரு குடும்பத்தின் முழுக் கதையும் அதில் இருக்கும். கணவனின் அடிக்குத் தப்பி வந்த பெண்ணின் கோப்பு வீட்டுக்காரர் வழியாக ஊருக்குள் கசிந்தால் என்ன நடக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆனால், வீட்டுக்காரரும் இதில் வழிப்போக்கர் இல்லை. அந்தப் பணம் கடைசியில் வந்து சேர வேண்டிய இடம் அவருடைய கணக்கு. 2008 ஏப்ரலில் தனியார் வாடகை வீடுகளுக்கு ஹவுசிங் பெனிஃபிட்டைக் கணக்கிடும் லோக்கல் ஹவுசிங் அலவன்ஸ் முறை நாடு முழுவதும் வந்தபோது, உதவித்தொகை பொதுவாகக் குடியிருப்பவரின் கைக்கே போகும் என்றானது. தன் வரவு செலவைத் தானே பார்த்துக்கொள்ளட்டும் என்ற நோக்கத்தில் பிழையில்லை. ஆனால், அதோடு வீட்டுக்காரருக்குத் தகவல் கிடைக்கும் வழியும் பெரும்பாலும் அடைபட்டது. வாடகை பாக்கி 8 வாரத்தை எட்டினால்தான், கவுன்சில் பொதுவாக அவருக்கு நேரடியாகப் பணம் தரக் கடமைப்பட்டது. குடியிருப்பவர் பணத்தைக் கையாள இயலாத நிலையில் இருந்தால் முன்கூட்டியே தரலாம், ஆனால் அது கவுன்சிலின் விருப்பம்.

இங்கே ஒரு விபரீதப் பொருத்தம் இருந்தது. 1988 ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின்படி, வார வாடகை 8 வாரமோ மாத வாடகை 2 மாதமோ பாக்கியானால், நீதிமன்றம் வீட்டைக் காலி செய்ய உத்தரவிட்டே ஆக வேண்டியிருந்தது. நேரடியாகப் பணம் கேட்கும் உரிமையும் வெளியேற்றும் உரிமையும் ஏறத்தாழ ஒரே நாளில் வீட்டுக்காரரின் கைக்கு வந்தன. பொறுமை இழந்தவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2025 இல் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம், இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் வெளியேற்றத்துக்கான அளவை 3 மாத பாக்கியாக உயர்த்துகிறது. முன்னறிவிப்புக் காலமும் 2 வாரத்திலிருந்து 4 வாரமாகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால், பேச வேண்டியவர்கள் பேசிக்கொள்ள வழி இல்லையென்றால், கூடுதலாகக் கிடைத்த இந்த அவகாசத்திலும் பாக்கிதான் ஏறும்.

வீட்டுக்காரருக்கு உண்மையில் தெரிய வேண்டியது மிகக் கொஞ்சம். விண்ணப்பம் வந்ததா, எந்தத் தேதியிலிருந்து கணக்கு, ஏதேனும் ஆவணம் பாக்கியா, முடிவு ஆகிவிட்டதா, வாடகைக்கு எவ்வளவு, அடுத்த பணம் எப்போது. இவை தெரிந்தாலே பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். ஓர் உதாரணம் பார்ப்போம். மாத வாடகை 1,200 பவுண்ட். முழு வாடகையும் உதவித்தொகையாக வருகிறது. வீட்டுக்காரருக்கு நேரடியாகத் தரும்போது கவுன்சில் மாதக் கணக்கில் தருவதில்லை, 4 வாரத்துக்கு ஒருமுறை தருகிறது. அப்படியென்றால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 1,108 பவுண்ட்தான் வரும். மாதம் 92 பவுண்ட் குறைகிறதே என்று வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆண்டுக்கு 13 முறை வரும்போது கணக்கு 14,400இல் நேராகிவிடும் என்று கவுன்சிலிலிருந்து யாராவது ஒரு வரி சொன்னால், அந்தக் கதவு தட்டப்படாது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் வலுவானது. வீடு தேடி அலைபவரிடம் "கையெழுத்துப் போட்டால்தான் சாவி" என்று நீட்டும் காகிதத்தைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது? சட்டமும் இதையே கேட்கிறது. சம்மதம் தெளிவாகவும் வற்புறுத்தல் இல்லாமலும் இருக்க வேண்டும். கொடுத்தது போலவே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். உதவித்தொகை பெறுகிறவர் என்பதற்காகவே வீடு மறுப்பது 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்துக்கு விரோதம் என்று யார்க் மாவட்ட நீதிமன்றம் 2020 ஜூலையில் ஒரு வழக்கில் சொன்னது. முன்வாசலில் மூடிய அந்தப் பாகுபாடு, ஒப்புதல் கடிதம் என்ற பெயரில் பின்வாசல் வழியாக நுழைந்துவிடக் கூடாது.

நம்மவர்களிடையே இந்த ஆபத்து இன்னும் அதிகம். லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் வீட்டுக்காரரும் தமிழர், வாடகைக்கு இருப்பவரும் தமிழர் என்பது சாதாரணம். ஒரே ஊர், ஒரே கோயில், சில நேரம் தூரத்து உறவு. "அண்ணை, எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, நீங்களே நிரப்பிவிடுங்கோ" என்று வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. இணையக் கணக்கின் கடவுச்சொல்லையே கொடுத்துவிடுபவர்களும் உண்டு. உறவு நன்றாக இருக்கும்வரை அது உதவியாகத் தெரியும். மனஸ்தாபம் வந்த நாளில், தன் வாழ்க்கைக் கோப்பு முழுவதும் இன்னொருவரிடம் இருப்பது புரியும். வெற்றுத்தாளும் கடவுச்சொல்லும் ஒப்புதல் ஆகா.

ஆகவே, கடிதம் அளவோடு இருக்க வேண்டும். பெயர், முகவரி, கிடைத்திருந்தால் கோரிக்கை எண், யாரிடம் பேசலாம் என்ற விவரம், மேலே சொன்ன ஆறு கேள்விகள் ஆகியவை அதில் இருக்கட்டும். "என் வருமானம், உடல்நிலை, குடும்பம் பற்றி எதுவும் சொல்லக் கூடாது" என்ற வரியும் கட்டாயம் இருக்கட்டும். எதுவரை செல்லும் என்ற தேதி வேண்டும். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் அன்றே செல்லாது என்ற வாசகம் வேண்டும். வாடகை ஒப்பந்தத்துக்குள் ஒரு நிபந்தனையாக இதைப் புதைக்காமல், தனித் தாளில், குடியிருப்பவருக்குப் புரிகிற மொழியில் விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். மறுக்கிறவருக்கு வீடு மறுக்கக் கூடாது.

வீட்டுக்காரர்கள் பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. கவுன்சில் அவர்களிடம் பேசுவதற்குத்தான் சம்மதம் தேவை. அவர்கள் கவுன்சிலிடம் சொல்வதற்கு அது தேவையில்லை. பாக்கி எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை வாடகைக் கணக்கோடு எழுதி அனுப்பலாம். கவுன்சில் அதைப் பெற்றுப் பரிசீலிக்கலாம். சம்மதக் கடிதம் இல்லை என்று சொல்லி, வந்த கடிதத்தையே ஓரம் கட்டுவதற்கு எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

வேலை செய்யும் வயதில் இருப்போரின் வாடகை உதவி இப்போது பெரும்பாலும் யூனிவர்சல் கிரெடிட் என்ற ஒருங்கிணைந்த உதவித்தொகைக்குள் போய்விட்டது. அங்கே கவுன்சிலுக்கு வேலையில்லை, மத்திய அரசின் துறையே பார்க்கிறது. அங்கும் விண்ணப்பித்தவர் தன் இணைய ஜர்னலில் இன்னாருக்கு இன்ன விஷயத்தைச் சொல்லலாம் என்று தெளிவாக எழுதியாக வேண்டும், அதுவும் நீண்ட நாள் செல்லாது. ஓய்வூதிய வயதினரும், ஆதரவு இல்லங்களிலும் தற்காலிகத் தங்குமிடங்களிலும் இருப்போரும் இன்னும் கவுன்சிலின் ஹவுசிங் பெனிஃபிட்டையே நம்பியிருக்கிறார்கள். எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஓடிவந்து, இன்று எழுபது வயதைத் தாண்டி, பிள்ளையின் மொழிபெயர்ப்பில் போன் பேசும் நம் முதியவர்களில் பலர் இந்தப் பிரிவில்தான் வருகிறார்கள். முறையான கடிதம் யாரைவிடவும் அவர்களுக்கே பயன்படும்.

கவுன்சில்களுக்கு நம் கோரிக்கை மூன்று. ஒவ்வொரு கவுன்சிலும் ஒவ்வொரு தாளைக் கேட்காமல், நாடு முழுவதற்கும் ஒரே படிவம் வேண்டும், அது விண்ணப்பத்தோடு சேர்ந்தே வர வேண்டும். வீட்டுக்காரர் என்ன கேட்டார், என்ன சொல்லப்பட்டது என்பதைக் குடியிருப்பவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தேவையான ஆவணம் எல்லாம் கொடுத்தவரின் விண்ணப்பத்தை 14 நாளுக்குள் முடிக்க இயலாவிட்டால், தனியார் வீட்டில் இருப்பவருக்கு இடைக்காலத் தொகை தர வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. கேட்காமலே அதை நடைமுறைப்படுத்த வேண்டும். இது சரியாக நடந்தால், வீட்டுக்காரர் போன் செய்ய வேண்டிய தேவையே பல நேரங்களில் எழாது.

வீட்டுக்காரர்களே, சாவி கொடுக்கும் நாளில் அந்தத் தாளையும் எடுத்து வையுங்கள், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லுங்கள். வாடகைக்கு இருப்பவர்களே, வாசித்துக் காட்டாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டால் ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.