காற்றை முந்தும் வண்டியும் கயத்தாற்றுக் காற்றாலையும்

காற்றின் திசையிலேயே ஓடும் வண்டி காற்றின் வேகத்தை எட்டியதும் அதன்மேல் காற்றே படாது, ஆகவே காற்றை அது முந்த முடியாது என்பது பலரின் வாதம். இது பிழை.

1. ஆற்றல் கிடைப்பது காற்றுக்கும் தரைக்கும் இடையிலுள்ள சார்பு வேகத்திலிருந்து, அதாவது ஒன்றிலிருந்து பார்க்க மற்றொன்று நகரும் வேகத்திலிருந்து. கோவில்பட்டிக்குத் தெற்கே கயத்தாற்றுக் காற்றாலைகள் மின்சாரம் தருவது அவற்றின் அடித்தளம் கரிசலில் ஊன்றி நிற்பதால்தான். காற்றோடு மிதக்கும் பலூனில் கட்டினால் அதே இறக்கைகள் சுழலுமா?

2. வண்டி பலூன் அன்று. அதன் சக்கரங்கள் தரையைப் பற்றியுள்ளன, அவையே பின்புற விசிறியைச் சுழற்றிக் காற்றைப் பின்னோக்கித் தள்ளுகின்றன.

3. காற்று நொடிக்கு 10 மீட்டரும் வண்டி 12 மீட்டரும் செல்லும்போது, சக்கரத்தில் 100 நியூட்டன் தடைவிசை ஏற்றால் 1200 வாட் கிடைக்கிறது. எதிர்க்காற்று 2 மீட்டரே என்பதால், அதே அளவு உந்துவிசைக்குக் குறைந்தபட்சம் 200 வாட் போதும். பாதி வீணானாலும் மிச்சம் இல்லையா?

4. காற்றில்லா நாளில் மின்காரின் கூரையில் விசிறி வைத்து இலவச மின்சாரம் பெறலாம் என்பதும் இதே பிழையின் மறுபக்கம். அங்கே காற்றும் தரையும் ஒன்றுக்கொன்று அசையாததால், விசிறி தருவதைவிடக் கூடுதலாகவே பேட்டரி இழக்கும்.

2010இல் அமெரிக்காவில் ‘பிளாக்பேர்டு’ என்னும் வண்டி, காற்றின் திசையிலேயே அதன் வேகத்தைப்போல் ஏறத்தாழ 2.8 மடங்கு வேகத்தில் ஓடியது.