பயிற்றங்கொடியில் ஒரு வேட்டை

வீட்டுக்குப் பின்னால் பயிற்றங்கொடி போட்டிருக்கும் தாய்மார்களுக்கு அசுவினியைத் தெரியாமல் இராது. கொழுந்திலும் பிஞ்சிலும் கருப்பாக அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் செடிப்பேன்தான் அது. கொடி முழுவதும் அது சீராகப் பரவுவதில்லை. ஒரு கொழுந்தில் நூறு மொய்த்திருக்கும். பக்கத்துக் கொழுந்து சுத்தமாக இருக்கும். தாய் அசுவினி ஆண் துணையின்றியே குட்டி போடும். குட்டிகள் தாயின் அருகிலேயே தங்கிவிடும். அதனால்தான் இந்தக் கூட்டம்.

அசுவினியைத் தின்று வாழ்வது பொறிவண்டு. ஆரஞ்சு நிற முதுகில் கருப்பு நெளிகோடு போட்ட வண்டை நம் கொடிகளில் பார்த்திருப்பீர்கள். அதன் புழுவுக்கும் அசுவினிதான் உணவு. ஆனால் அந்தப் புழுவுக்குத் தொலைவில் இருக்கும் இரை தெரியாது. ஏறக்குறைய முட்டிக்கொண்டால்தான் தெரியும். பிறகு எப்படி அதற்கு வயிறு நிரம்புகிறது?

மழை விட்டதும் காளான் பொறுக்கப் போவதை எண்ணிப் பாருங்கள். ஒன்றும் கிடைக்காத வரை எட்டி நடை போடுகிறோம். ஒரு காளான் கண்ணில் பட்டதும் நின்று, அந்த இடத்தைச் சுற்றியே குனிந்து துழாவுகிறோம். புழுவும் அப்படித்தான். இரை கிடைக்காதபோது வேகமாக, நேராக நகரும். ஒன்றைத் தின்றதும் நடை தளரும். அங்கேயே திரும்பித் திரும்பித் தேடும். சிறிது நேரம் தேடியும் கிடைக்காவிட்டால் மறுபடியும் நேர்நடை. இங்கிலாந்தில் பேங்க்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இப்புழுக்களின் நடமாட்டத்தைக் கவனித்து 1957-இல் எழுதினார்.

தாய் வண்டும் கெட்டிக்காரிதான். அசுவினி மொய்க்கும் இடத்துக்கு அருகிலேயே மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இட்டு வைக்கும்.

இந்தப் புழு கருநிறமாய், குட்டி முதலை போல இருக்கும். கொடியைத் தின்ன வந்த பூச்சி என்று எண்ணிப் பலர் நசுக்கிவிடுகிறார்கள். வேறு சிலர் அசுவினியைக் கண்டவுடனே மருந்து அடிக்கிறார்கள். மருந்தில் இரண்டுமே சாகும். ஆனால் தப்பிய அசுவினியின் குட்டி ஒரு வாரத்துக்குள் தானே தாயாகிவிடும். பொறிவண்டு முட்டையிலிருந்து வளர்ந்து வண்டாக ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். காவல்காரன் இல்லாத கொடியில் அசுவினி முன்னிலும் அதிகமாகப் பெருகும். மருந்துக் காசும் வீண். பிள்ளைகள் தின்னும் காயிலும் நஞ்சு.

ஆகவே முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் முட்டையோ முதலைப் புழுவோ தென்பட்டால் நாலைந்து நாள் பொறுங்கள். ஒன்றிரண்டு கொழுந்து மட்டும் கெட்டிருந்தால், அதில் முட்டையோ புழுவோ இல்லை என்று பார்த்துக் கிள்ளி எறியுங்கள். எறும்பு ஏறுகிறதா என்றும் கவனியுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்புகள் பொறிவண்டை விரட்டும்.

இரை அருகியதும் வண்டு வேறு கொடிக்குப் பறந்துவிடும். மிச்சமிருக்கும் நாலு அசுவினியால் உங்கள் காய்க்குக் குறைவு வராது.